ஒன்பது பொருத்தம் உள்ள நீல மீன்

ஜூன் 3, திங்கள்

ராகு காலம் முடிந்து ஒன்பதேகாலுக்கு மீன் தொட்டி வந்து இறங்கியது. நான்கடி நீளம். நான்கு ஆட்கள் இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். தொட்டியைவிட அவர்கள் போட்ட சத்தம் பெரிது. கீழ்வீட்டு ஜானகிராமன் வெளியே வந்து, “என்ன சார், வாட்டர் டேங்கா?” என்று கேட்டார். கண்ணாடியில் யாராவது வாட்டர் டேங்க் வைப்பார்களா? அந்த மனுஷனிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை.

தொட்டியைக் கொடுத்தவர் குப்புராஜ். அவர் மகனுக்கு முப்பத்தெட்டு இடம் தட்டிப்போய் முப்பத்தொன்பதாவதை நான் முடித்துவைத்தேன். மகனோடு பெங்களூருக்குக் குடிபோகிறவர், “உங்களுக்கு நான் எதாவது செஞ்சே ஆகணும் தணிகாசலம் சார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செய்துவிட்டார். உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்க்கிற தொட்டி. பாறைகள், மோட்டார், விளக்கு எல்லாம் கூடவே வந்தன. மீன்களை மட்டும் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டாராம்.

முன்னறையில், ‘மங்களம் திருமணத் தகவல் நிலையம்’ பலகைக்குக் கீழே வைத்தேன். நான் ஜாதகம் பார்த்து முடிக்கும்வரை பெற்றோர்கள் சும்மா உட்கார்ந்து என் கையையே பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பொழுது போகும். அதற்காகத்தான் வாங்கிக்கொண்டேன், வேறு காரணம் இல்லை.

ஜன்னலோரம் என் மகள் மேகலா உட்காரும் நாற்காலியிலிருந்து தொட்டி நேராகத் தெரிகிறது. அது தற்செயல்.

மேகலா புகுந்த வீட்டிலிருந்து ஓய்வுக்கு வந்திருக்கிறாள். இரண்டு வாரம் என்று வந்தாள். இன்றோடு பதினோரு வாரம்.

ஜூன் 5, புதன்

என் மனைவி ரேணுகா கல் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து, “எத்தனை கை போடணும்?” என்றாள். இருபத்தொன்பது வருடமாகச் சாம்பாருக்கு உப்புப் போட்டவள், தைரியமாக நின்றாள். ஜானகிராமனோ காசிமேட்டிலிருந்து நாலு குடம் கடல் தண்ணீர் கொண்டுவர வழி சொன்னார். “கடல் நம்ம ஊர்லதானே சார் இருக்கு!”

இரண்டும் கூடாதாம். குளத்தூரில் மீன் கடைகள் இருக்கிற தெருவில் விசாரித்தேன். இதற்கென்று தனி உப்பு விற்கிறது. பத்து கிலோ வாங்கினேன். சுத்திகரித்த தண்ணீர் பதினான்கு கேன். கேன் போடுகிறவர், “வீட்ல விசேஷமா சார்?” என்று ஆசையாகக் கேட்டார். மீனுக்கு என்றேன். பில்லை நீட்டினார்.

ஜூன் 6, வியாழன்

மீன் இல்லாத தொட்டியை மூன்று பேரும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

கடைக்காரம்மா பெயர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். முழங்கைவரை ஈரத்தோடேயே பேசுகிறார். தண்ணீர் பக்குவப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குமுன் மீன் விட்டால் செத்துப்போகும் என்றார். அதுவும் நல்லதுதான். நன்றாக விசாரித்துத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும்.

“ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மீனா பாத்து வாங்கணும் சார். அதுதான் இதுல கஷ்டமே” என்றார்.

சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்கிறார்! இருபத்தாறு வருடத்தில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கல்யாணம். என் நிலையத்துப் படிவத்தில் பத்துப் பிரதி எடுத்துப்போயிருந்தேன். அதில் ஒன்றை நீட்டினேன். பெயர், உயரம், நிறம், பூர்வீகம், குடும்பம், உணவுப் பழக்கம், எதிர்பார்ப்பு.

எஸ்தர் அதை வாங்கிப் படித்தார். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, பிறந்த நட்சத்திரம்னு போட்டிருக்கு?”

“அது தெரியலேன்னா விட்டுடலாம்.”

“உடன்பிறந்தோர் எத்தனை பேர்?”

“அதுவும்.”

“முந்நூறு நானூறு இருக்கும் சார்” என்றார். கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

க்ளவுன் என்கிற மீனைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை. லட்சணமான முகம். ஜோடியாகக் கேட்டேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று.

“இந்த சைஸ்ல எல்லாமே ஆம்பளைதான் சார். ரெண்டை வுட்டா, எது பெருசா வளருதோ அது பொம்பளை ஆயிடும்.”

“ஆயிடும்னா?”

“ஆயிடும். அந்தப் பொம்பளை செத்துட்டா, இந்த ஆம்பளை பொம்பளை ஆயிடும்.”

வீட்டுக்கு வந்து படிவத்தில் ‘மணமகன் / மணமகள், தேவையற்றதை அடிக்கவும்’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எதையும் அடிக்கவில்லை. ஜோடி வேண்டாம், ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். இந்த வயதில் எனக்கு இது ஆகாது.

மேகலாவிடம் சொன்னேன். சிரித்தாள். இந்த வீட்டில் பல வாரமாகக் கேட்காத சத்தம். ரேணுகா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஜூன் 16, ஞாயிறு

காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன். “உங்க பொண்ணு ஓய்வெடுத்தது போதுமா, இன்னும் இருக்கா?” என்று கேட்டார். மாப்பிள்ளை தினகருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆடி பிறந்தால் பேச்சு ஆவணிக்குப் போய்விடும். ஆகவே ஜூலை 14 ஞாயிறு வந்து பேசி, கையோடு அழைத்துப்போவதாகச் சொன்னார். நல்லது என்றேன்.

நல்லதுதான். முன்னறைச் சுவரில் மேகலாவின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் சொல்வேன்: “என் பொண்ணுக்கும் நான்தான் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம்.” போன வாரம்கூட ஒருவர், “பொண்ணு இங்கேயே இருக்காங்களே சார்?” என்று கேட்டார். ஓய்வு என்றேன். எத்தனை பேருக்கு ஓய்வு என்று சொல்வது!

சமையலறையில் ரேணுகா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

ஜூன் 19, புதன்

தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் எஸ்தர். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து எட்டுச் சொட்டு விட வேண்டும். மஞ்சள் வந்தால் சரி, பச்சை வந்தால் விஷம். நான் விட்டதில் மூன்று சொட்டு என் வேட்டியில் விழுந்தது.

மேகலா வந்து குழாயை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “இன்னும் பச்சை இருக்குப்பா. அவசரப்படாதீங்க” என்றாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, நேரம் எல்லாம் எழுதிவைத்தாள்.

அந்த வேலையை அவள் ஏன் விட்டாள் என்று ரேணுகா என்னிடம் கேட்டாள். தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டில் விரும்பவில்லை. ‘எதிர்பார்ப்பு’ என்ற இடத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

தண்ணீர் மஞ்சள். மீன் எடுக்கலாம்.

நான் ஒரு முறை வகுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் மீனுக்கும் பத்து. இன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில், டாம்சல் என்ற நீல மீனுக்கும் அந்த ஆரஞ்சு க்ளவுனுக்கும் அமோகமாக வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கள் என்று எஸ்தரே சொன்னார். ஒரே குடும்பம்! அதற்குமேல் என்ன வேண்டும்? ஒரே உணவு, உயரம் சரி, நீலமும் ஆரஞ்சும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு நிறைவு. அதோடு நீலத்துக்கு நோய் நொடி வராது, எதையும் தாங்கும். நிரந்தர உத்தியோகத்து மாப்பிள்ளை மாதிரி. பத்துக்கு ஒன்பது. கணம் மட்டும்தான் இல்லை. கணம் என்பது குணம் சம்பந்தப்பட்டது, மற்றதெல்லாம் இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

எஸ்தர் தடுத்தார். “டாம்சல் வேணாம் சார். பாக்க ஜோரா இருக்கும். மத்ததைத் துன்ன வுடாது.”

யாரைப் பற்றி விசாரித்தாலும் இப்படி ஒருவர் சொல்லத்தான் செய்வார். அது பெரும்பாலும் பொறாமை. எஸ்தருக்கு ஒரு மீனின் மேல் என்ன பொறாமை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஒன்பதேகாலுக்கு நீலம் குடிபுகுந்தது. ரேணுகா ஆரத்தி எடுத்தாள். சுற்றி முடித்து ஆரத்தித் தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே ஊற்றப் போனாள். மேகலா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

ஜூன் 28, வெள்ளி

நீலம் ஒரு வாரத்துக்குள் நல்ல பழக்கம். ஐந்து மணிக்குத் தீனி நேரம் அதற்குத் தெரிகிறது. பெரிய பாறைக்குமேல் நின்று வீட்டுக்காரர் மாதிரி பார்க்கிறது. பொருத்தம் பார்த்து எடுத்தால் இப்படித்தான்.

மேகலா தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்க அயனாவரம் போனாள். கடை பஸ்ஸில் பத்து நிமிஷம். வர மூன்று மணி நேரம் ஆயிற்று. நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, பழைய பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். மழைக்குத் தலையில் பிடிக்க என்று நினைக்கிறேன். மழை இல்லை.

ஜூலை 3, புதன்

ஆரஞ்சு வந்தாயிற்று. பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு மெதுவாக இறக்கினோம். நீலம் வந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வாலில் கடித்தது.

புதிதில் கொஞ்சம் சீண்டல் இருக்கும். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

ஆரஞ்சு மோட்டார் குழாய்க்குப் பின்னால் இருக்கிறது. வெளியே வரவில்லை. நீலம் பாறைக்குமேல் இருக்கிறது.

ஜூலை 6, சனி

கண்ணாடியில் விரலால் தட்டி நீலத்திடம் பேசிப் பார்த்தேன். அதட்டவில்லை, நயமாகத்தான். ரேணுகா வந்து நின்று, “மீனுக்கு அட்வைஸ் பண்றீங்களா?” என்றாள். கண்ணாடி துடைக்கிறேன் என்றேன். கையில் துணி இல்லை.

இரண்டு மூலையில் தீனி போடச் சொன்னார் எஸ்தர். போட்டோம். நீலம் இரண்டு மூலையிலும் சாப்பிட்டது.

ஜூலை 8, திங்கள்

ஆரஞ்சின் வால் ஓரம் கிழிந்திருக்கிறது. மேகலா நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“கொஞ்ச நாள் போனா சரியாயிடும்மா. புது இடம் இல்லியா? அதுதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்றேன்.

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கல்யாணமாகி மூணாம் மாசம் நான் போன் பண்ணப்போ இதே வார்த்தைதான் சொன்னீங்கப்பா” என்றாள்.

நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். என்ன என்று நினைவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நினைவிருக்கிறது. “நீ என்ன மீனா?” என்றேன்.

ஜூலை 10, புதன்

ஐந்து மணிக்குத் தீனி போட்டுவிட்டு நின்று பார்த்தேன். ஆரஞ்சு குழாய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. நீலம் அந்தப் பக்கம் திரும்பியதும் பாய்ந்து வந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு திரும்ப ஓடுகிறது. நின்று விழுங்கும்போதும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டே விழுங்குகிறது.

எட்டு மணிக்கு ரேணுகா தோசை வார்த்தாள். மேகலா தட்டை வாங்கிக்கொண்டு சமையலறை மூலைக்குப் போனாள். நின்றுகொண்டே, அவசர அவசரமாக, வாசலைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ஒன்றரை தோசை. இதைப் பதினாறு வாரமாகப் பார்க்கிறேன். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

“உக்காந்து சாப்பிடேம்மா.”

“பழகிடுச்சுப்பா. அங்க உக்காந்தா எதாவது ஒண்ணு கேட்டுட்டே இருப்பாங்க. எடுத்துக் குடுக்க எந்திரிச்சா, சாப்ட்டு முடிச்சாச்சான்னு தட்டை எடுத்துடுவாரு.”

“யாரு?”

“அவருதான். ஒரு தடவை ஏன்னு கேட்டேன். மூணு வாரம் யாரும் என்கிட்ட பேசல.”

மீதி அரைத் தோசையை எனக்கு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

எஸ்தரிடம் போனேன். படிவம் எதுவும் கொண்டுபோகவில்லை.

“எடுத்துடணும் சார்.”

“எதை?”

“நீலத்தை.”

“அதுதானே முதல்ல வந்தது? அதுக்குத்தானே உரிமை?”

“உரிமைலாம் கோர்ட்டுல பேசிக்கோங்க. எது துன்னாம கெடக்குதுன்னு பாருங்க, அவ்ளோதான். நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?”

சொன்னார். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஓர் ஆள் ஒப்புக்கொள்வதை முதல்முறை பார்க்கிறவர்போல் எஸ்தர் என்னைப் பார்த்தார். நீலத்தைப் பிடிக்கும்வரை ஆரஞ்சைத் தனியே வைக்க யோசனை சொல்லி, சின்ன வலை ஒன்றும் இரவல் கொடுத்தார்.

ஜூலை 12, வெள்ளி

ஆரஞ்சு லேசாகப் பிடிபட்டது. ஓடத் தெம்பில்லை. ரேணுகா காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையைத் தியாகம் செய்தாள். அதற்குள் ஆரஞ்சை விட்டு, தொட்டியிலேயே மிதக்கும்படி கட்டிவிட்டோம்.

நீலத்தைப் பிடிக்க மூன்று பேர், இரண்டு மணி நேரம். நான் வலையோடு இடது பக்கம், ரேணுகா மாவுச் சல்லடையோடு வலது பக்கம், மேகலா மேலிருந்து கட்டளை. “அப்பா, வருது! அம்மா, விடாதே!” ரேணுகா என் கையைப் பிடித்தாள். நான் ஒரு பாறையைப் பிடித்தேன். நீலம் யாரிடமும் சிக்கவில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த ஜானகிராமன் ஈரத்தில் வழுக்கி, பிடிக்க ஏதும் கிடைக்காமல் வாளியைப் பிடித்தார். வாளித் தண்ணீர் முழுவதும் என் பதிவேடுகள் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் கொட்டியது.

இருபத்தாறு வருடப் பதிவேடுகளையும் மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் வேறு.

ஜூலை 13, சனி

இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவேடு. பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்தேன். வரன்: தினகர், காஞ்சிபுரம். நான் ஜாதகம் மட்டும் பார்க்கிறவன் இல்லை. ஒவ்வொரு வரனைப் பற்றியும் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதுவேன். என் நிலையத்தின் நல்ல பெயருக்கே இதுதான் காரணம்.

கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து: ‘எதிர்வீட்டுக்காரர் சொன்னது: வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டான். கூடப்பிறந்த அக்காவே அந்த வீட்டுக்கு வருவதில்லை.’

அதற்குக் கீழே, அதுவும் என் கையெழுத்து: ‘பொறாமை.’

இது யாருக்கும் தெரியாது. ரேணுகாவுக்கும் தெரியாது. மை மற்ற இடத்திலெல்லாம் கரைந்திருக்கிறது, இந்த இடத்தில் கரையவில்லை. பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஈரக் காகிதம், இழுத்தால் வந்துவிடும். மாடிச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஜானகிராமன் கொடியில் துணி எடுக்க வந்தவர், உப்புத் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

ஜூலை 14, ஞாயிறு

சம்பந்தியம்மாளும் தினகரும் மூன்றரைக்கு வந்தார்கள். காபி கொடுத்தோம். எதிரே தொட்டி. பாறைக்குமேல் நீலம், கூடைக்குள் ஆரஞ்சு. மேகலா தண்ணீர் சோதிக்கும் குழாயோடு தொட்டிப் பக்கத்திலேயே நின்றாள்.

சம்பந்தியம்மாள்தான் ஆரம்பித்தார். “அது ஏன் பாவம், அதை மட்டும் கூடையில அடைச்சு வெச்சிருக்கீங்க?”

“அந்த நீலம் அதைச் சாப்பிட விடமாட்டேங்குதுங்க.”

தினகர் காபியை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். “கொஞ்ச நாள்ல பழகிடும் மாமா. புதுசா வந்ததுதான் விட்டுக்கொடுத்துப் போகணும்.”

என் வார்த்தை. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து என் வார்த்தை. என் வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு நியாயமாகத் தெரிந்தது!

“இல்ல மாப்பிள்ளை. பழகாது” என்றேன்.

பதிவேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். எதிர்வீட்டுக்காரர் சொன்னதையும் படித்தேன், நான் எழுதிய ‘பொறாமை’யையும் படித்தேன். காகிதம் உப்பில் மொடமொடவென்றிருந்தது.

“மேகலா, எனக்கு முன்னாடியே தெரியும்மா. ஒருத்தர் சொன்னார். ஒன்பது பொருத்தம் இருக்குங்கற சந்தோஷத்துல நான் காதுல வாங்கிக்கல. நீ போன்ல அழுதப்பவும் வாங்கிக்கல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு.”

ரேணுகா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அதற்கு நான் தகுதியானவன்.

சம்பந்தியம்மாள் எழுந்துவிட்டார். “பொண்ணைப் பெத்தவர் பேசற பேச்சா இது? ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்கிறவரு! சொந்தப் பொண்ணையே வீட்ல வெச்சுக்கிட்டீங்கன்னா நாளைக்கு உங்க படி எவன் ஏறுவான்?”

உண்மைதான். “ஏறலேன்னா மீன் பாத்துட்டு உக்காந்திருக்கேன்” என்றேன். “ஆனா நான் முடிவு சொல்லப் போறதில்ல. போன தடவை சொன்னதே போதும். அவ சொல்லட்டும்.”

தினகர் மேகலா பக்கம் திரும்பினார். “என்ன பாத்துட்டு நிக்கிறே? பையை எடு.”

மேகலா குழாயைப் பிடித்த கை அசையவில்லை. எட்டாவது சொட்டு விழும்வரை எண்ணினாள். குழாயை மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சள்.

“நான் வரல. நாளையிலிருந்து லேப்ல வேலைக்குச் சேர்றேன். அயனாவரத்துல. ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க.”

அந்தப் பிளாஸ்டிக் ஃபைல்! மழைக்கு என்று எழுதிவைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடம் மனிதர்களை விசாரித்தவன்.

அவர்கள் கிளம்பும்போது தினகர் வாசலில் நின்று, “இனிமே கூப்பிட்டாலும் நாங்க வரமாட்டோம்” என்றார். நல்லது என்றேன். இந்த முறை உண்மையிலேயே அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

மேகலா வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் போட்டுத் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள். பதினொன்றரைக்குப் பார்க்கிறேன், நீலம் உள்ளே. இறாலைத் தின்றுவிட்டு வெளியேறும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று பேரும் சல்லடையுமாகப் பட்ட பாடு!

வாளியில் வைத்து ஆட்டோவில் எஸ்தரிடம் கொண்டுபோனேன். தனித் தொட்டியில் விட்டார். “இதுக்கு இதான் சார் சரி. தனியா இருந்தா நல்ல மீன்” என்றார். படிவத்தில் ‘தனியே இருக்கட்டும்’ என்று எழுதிக் கோப்பை மூடினேன். என் தொழிலில் அப்படி மூடுவது இதுவே முதல் தடவை.

பிறகு எஸ்தரிடம் ஆரஞ்சுக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று கேட்டேன். “அது மொதல்ல நல்லா துன்னட்டும் சார், இன்னா அவசரம்?” என்றார். ஆமாம், அவசரமில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். யாரும் வரன் பார்க்க வரமாட்டார்கள். போன மாதம் நான் பொருத்தம் பார்த்து ‘உத்தமம்’ என்று சொன்ன நான்கு குடும்பங்களுக்குப் போன் செய்தேன். கடைசிக் கட்டத்தில் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர் திட்டினார். ஒருவர், “ஆனா ஒன்பது பொருத்தம் இருக்கே சார்?” என்றார். அவரை நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்.

சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினேன். அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ரேணுகா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் இன்று காபியில் சர்க்கரை போட்டிருந்தாள்.

ஆரஞ்சைக் காலையில் கூடையிலிருந்து திறந்துவிட்டோம். நாள் முழுவதும் குழாய்க்குப் பின்னாலேயே நின்றது. ஐந்து மணிக்குத் தீனி போட்டதும் எட்டிப் பார்த்தது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. பிறகு மெதுவாகத் தொட்டியின் நட்டநடுவுக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டது.

மேகலா ஏழு மணிக்கு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு எதிரே நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். லேபில் ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். இடையில் தட்டை நீட்டி, “அம்மா, இன்னொண்ணு” என்றாள். பிறகு மறுபடியும் நீட்டினாள்.

நான்கு தோசை. ரேணுகாதான் எண்ணினாள். நான் எண்ணவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.